மறதிக்கான சஜ்தா

கூட்டுத் தொழுகையை முன்னின்று நடத்துகிறவர் இமாம். அவர் நடுவில் தடுமாறினால், பின்னால் நிற்கிற ஆண்கள் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லி உணர்த்துவார்கள். பெண்கள் குரல் கொடுப்பதில்லை. வலது உள்ளங்கையால் இடது புறங்கையில் தட்டுவார்கள். மடிப்பக்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவள் கணவர்தான். கல்யாணமான புதிதில், சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த துண்டு இடத்தில் முன்னும் பின்னுமாகப் பாய் விரித்துத் தொழுது முடித்தபோது.

“நீங்க தப்புப் பண்ணி நான் தட்டுறதா? அந்தக் கொடுப்பினை எல்லாம் எனக்கு எங்க வரப்போகுது?” என்று அன்றைக்குச் சிரித்தாள்.

இப்போது அவள் இடது புறங்கை காய்த்துப்போகாததுதான் பாக்கி.

மதியத் தொழுகையான லுஹருக்கு நான்கு ரக்அத். நின்று ஓதி, குனிந்து நிமிர்ந்து, நெற்றியை இருமுறை தரையில் வைத்து எடுத்தால் ஒரு ரக்அத். நெற்றியைத் தரையில் வைப்பதற்கு சஜ்தா என்று பெயர். அவள் கணவர், ஊருக்கு மாஸ்டர், சில நாள் மூன்றாவதிலேயே உட்கார்ந்துவிடுவார். சில நாள் ஐந்தாவதற்கு எழுந்து நிற்பார். பின்னால் நிற்கிற மடிப்பக்கா தட்டுவாள். அவர் முதுகு ஒரு கணம் யோசிக்கும். பிறகு சரியான இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். முடிவில், மறந்ததற்காக இன்னும் இரண்டு சஜ்தா. தொழுகையில் மறதி வந்தால் அதை ஈடுகட்ட மார்க்கமே கொடுத்திருக்கிற வழி அது. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு சஜ்தா வந்தால் அதிகம். இப்போது அது இல்லாத தொழுகையே இல்லை.

ஆனால் தட்டினால் அவர் திரும்பி வந்தார். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தெருப்பெயர் போய்விட்டது, மகளின் பெயர் போய்விட்டது, சட்டைப் பொத்தான் எந்தத் துளையில் நுழைய வேண்டும் என்பது போய்விட்டது. போகட்டும். தொழுகை மட்டும் அவரைவிட்டுப் போகக் கூடாது. அது இருக்கிறவரை அவர் இந்த வீட்டில் இருக்கிறார் என்று நம்பினாள்.

இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். ஆளுயர உருண்டை இயந்திரங்களில் வெளுத்து, பிழிந்து, தள்ளுவண்டியில் வந்து குவிகிற படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து எடுப்பது அவர் வேலை. அதனால் மாஸ்டர். வெளியே வருகிற விரிப்பை மடித்து அடுக்குவது அவள் வேலை. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே, கூட ஆள் இல்லாமல் அவள் விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் உருளையை நிறுத்திவிட்டு வந்தார்.

“இந்தா மடிப்பு, அந்த ரெண்டு முனையைப் பிடி. நான் இந்த ரெண்டைப் பிடிக்கிறேன். உதறு. இப்போ என்னைப் பார்த்து நடந்து வா.”

நடந்து வந்தாள். நடந்து வந்தவள் வந்தவள்தான் என்று சலவைக்கூடமே பிற்பாடு கேலி செய்தது. மற்றவர்களுக்கு அவள் மடிப்பக்கா ஆனாள். மடிப்பு என்று கூப்பிடும் உரிமை அவருக்கு மட்டும்.

அவள் வேறு மார்க்கத்தில் பிறந்தவள். “எனக்காகன்னு மாறாத. மாறினா உனக்காக மாறு. நல்லா கேட்டுக்க, அப்புறம் முடிவு பண்ணு” என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மதிய இடைவேளைகளில், நீராவி அடிக்கும் சுவரோரம் உட்கார்ந்து, குறுக்கு விசாரணையே நடத்தினாள். படைத்தவன் ஒருவன்தான், அவனுக்கு இணையும் இல்லை துணையும் இல்லை, அவன் யாரையும் பெறவும் இல்லை, யாருக்கும் பிறக்கவும் இல்லை என்றார். உருவம்? இல்லை. அப்படியானால் எதைப் பார்த்துக் கும்பிடுவது? “பார்க்க வேண்டியது நாம இல்ல மடிப்பு. அவன் நம்மைப் பார்க்கிறான்.”

அந்தப் பதில் அவளை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒரு நாள், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கலிமாவைச் சொன்னாள். வணங்கத் தகுதியானவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாரும் இல்லை, முஹம்மது அவனுடைய தூதர் என்று சாட்சி சொல்கிறேன். அவ்வளவுதான். இவ்வளவு பெரிய கதவுக்கு இத்தனை சின்னச் சாவியா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற ஒளுவைச் சொல்லிக்கொடுத்தபோது, “வெளுக்கிறவளுக்கே கழுவச் சொல்லித்தர்றீங்களா?” என்று கேட்டாள். “சோப்பு இல்லாம வெளுக்கணும், அதுதான் கஷ்டம்” என்றார். தொழுகை முடியும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி ஸலாம் சொல்ல வேண்டும். வலப்பக்கம் அலமாரி, இடப்பக்கம் கட்டில். “இதுகளுக்கு எதுக்கு ஸலாம்?” என்றாள்.

“அதுகளுக்கு இல்ல. ஒவ்வொரு ஆளோடயும் ரெண்டு மலக்குகள், அதாவது வானவர்கள், இருக்காங்க. ஒருத்தர் நல்லதை எழுதுறார், ஒருத்தர் கெட்டதை. கடைசி நாள்ல அதைத்தான் நம்ம கையில கொடுப்பாங்க.”

“உங்க இடப்பக்கத்து ஆளுக்கு வேலையே இருக்காது.”

“நீ வந்ததுலேர்ந்து அவருக்குக் கை வலிக்குது.”

இப்படித்தான் எல்லாம் அவரிடமிருந்து வந்தது. ரமலான் மாதம் முழுக்க விடியலிலிருந்து சூரியன் மறைகிறவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பது. வருஷம் முழுக்கத் தங்குகிற சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஸகாத்தாகக் கொடுப்பது. கொடுக்கிறோம் என்ற நினைப்பு முகத்தில் தெரியாமல் கொடுப்பது. உடம்பிலும் கையிலும் வசதி இருந்தால் ஆயுளில் ஒரு முறை மக்காவுக்கு ஹஜ் போவது. கடைசியில் சொன்னது மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. போகலாம் போகலாம் என்று இருந்தார்கள். மகள் படிப்பு, மகள் கல்யாணம், அவளுடைய மூட்டுவலி என்று ஒவ்வொன்றாக வந்து வழியில் உட்கார்ந்துகொண்டது.

மறதி முதலில் உருளைக்கு முன்னால்தான் தலைகாட்டியது. விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாராம். கேலி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை, சீருடை போட்டுக்கொண்டு பழையபடி சலவைக்கூடத்து வாசலில் போய் நின்றார். காவலாளி போன் செய்தார். “அக்கா, மாஸ்டர் வந்திருக்கார். உள்ளே விடலேன்னு கோவிச்சுக்கிறார். நான் என்ன செய்ய?” மருத்துவர் மூளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவளுக்கு அது சரியாகத் தேய்க்காத துணி மாதிரி இருந்தது.

பள்ளிவாசலுக்குப் போவதும் நின்றது. வரிசையில் எல்லோரும் குனிந்திருக்கும்போது அவர் மட்டும் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் வீட்டில் அவர் இமாம், பின்னால் நிற்கிற ஒரே வரிசை மடிப்பக்கா. அவள் முன்னால் நின்று நடத்திவிடலாம்தான், வேலை சுலபம். ஆனால் ஆணுக்குப் பெண் இமாமாக நிற்கும் வழக்கம் இல்லை. அவளுக்கும் அந்த இடம் வேண்டாம். அவர் முதுகைப் பார்த்துத்தான் அவள் தொழக் கற்றாள்.

மகள் தூர தேசத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவாள். அவர் மரியாதையாகப் பேசுவார். “நல்லா இருக்கீங்களாம்மா? உங்க அப்பா அம்மா சௌக்கியமா?” என்று கேட்பார்.

அந்த வருஷ ரமலானில் அவருக்கு நோன்பு வேண்டாம் என்று மருத்துவரும் சொன்னார், மார்க்கமும் சொன்னது. தீராத நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை. ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். மடிப்பக்கா கொடுத்துவிட்டாள். அவரிடம் அதை யார் சொல்வது? “நான் நோன்பு” என்று காலையில் கம்பீரமாக அறிவிப்பார். மதியம் அவள் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் ரசித்துச் சாப்பிடுவார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி, “நான் நோன்பு.”

பார்க்க வந்த கொழுந்தன் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவன் லாரி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

“அண்ணி, சட்டப்படி பார்த்தா அண்ணன் நோன்பு கெடவே இல்ல. நோன்பாளி மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது. அல்லாவே ஊட்டிவிட்டான்னு அர்த்தம். இவர் மூணு வேளையும் மறந்துல்ல சாப்பிடுறார்! ஊருலேயே முழு நோன்பாளி இவர் ஒருத்தர்தான்.”

“உன் வாய்ல மண்ணைப் போட” என்றாள் மடிப்பக்கா. ஆனால் அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. கொழுந்தன் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் ரொம்ப நேரம் நின்றான். சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற நேரத்துப் பாங்கு ஒலித்தபோது மாஸ்டர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பகலெல்லாம் பசித்திருந்தவன் முகத்தில் வருகிற அதே அமைதி. அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு நாள் நோன்பு திறந்த பிறகு தேநீர் குடிக்கும்போது, “ஹஜ்ஜுல எவ்வளவு கூட்டம்!” என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நாம எப்போங்க போனோம்?”

“போனோமே. கஃபாவைச் சுத்திக்கிட்டிருந்தோம். எல்லாரும் வெள்ளைத் துணி. நம்ம விரிப்பு மாதிரியே. மடிப்பு என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. கூட்டம் தள்ளினதுல கை நழுவிப்போச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் காணோம்.”

“தேடினீங்களா?”

“இன்னும் தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்” என்று அவளையே பார்த்துச் சொன்னார்.



கொழுந்தன் போகிற போக்கில் பள்ளிவாசலில் சொல்லிவிட்டுப் போயிருப்பான் போலிருக்கிறது. அடுத்த வாரம் இமாம் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, தாடிகூட இன்னும் முழுசாக நிறையவில்லை. மாஸ்டர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். இமாம் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

“அம்மா, நீங்க உங்களை ரொம்ப வருத்திக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். மூணு பேர் மேலேர்ந்து கணக்கெழுதுற எழுதுகோல் எடுக்கப்பட்டாச்சும்மா. தூங்குறவர், முழிக்கிறவரைக்கும். குழந்தை, பெரிசாகிறவரைக்கும். புத்தி தவறினவர், தெளியிறவரைக்கும். அவருக்குத் தொழுகை கடமை இல்ல. விட்டா குத்தமும் இல்ல. அல்லாஹ்வே விட்டுட்டான். நீங்களும் விட்டுடுங்க.”

“விட்டுட்டானா?” என்றாள். குரல் அவளையும் மீறி உயர்ந்தது. “அவர் தொழறார் தம்பி. தட்டினா திரும்பி வர்றார். புத்தி தவறினவர் வருவாரா?”

இமாம் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எழுதுகோலை எடுத்தாச்சுன்னா, அந்த மலக்குகள் போயிட்டாங்களா? இப்போ அவர் தொழறதை யாரும் எழுதலையா?”

“அப்படி இல்லம்மா. பாவம் எழுதப்படாது. நோயில விழுந்தவருக்கு, உடம்பு நல்லா இருந்தப்போ அவர் என்னென்ன நல்லது செஞ்சுக்கிட்டிருந்தாரோ அதெல்லாம் இப்பவும் செய்யற மாதிரியே எழுதப்படும்னு இருக்கு. அவர் ஒரு தொழுகையையும் இழக்கலம்மா.”

அது ஆறுதலான வார்த்தைதான். அவளுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததால்தான் நெஞ்சில் ஈரத்துணி மாதிரி கனத்தது. அவர் கணக்கில் எதுவும் குறையப்போவதில்லை. அப்படியானால் இத்தனை நாள் யாருக்காகத் தட்டிக்கொண்டிருந்தாள்?

இமாம் போன பிறகும் அவள் விடவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒளு செய்வித்தாள். முழங்கைவரை நீரை ஊற்றித் தேய்த்தாள். பாதங்களைக் கழுவினாள். பாயில் கிப்லாவை நோக்கி நிறுத்தினாள். மறந்துவிட்ட ஆளைத் தோளைத் தொட்டுத் திருப்புகிற மாதிரி, தினமும் மக்கா இருக்கிற திசைக்குத் திருப்பினாள்.

ஒரு மாலை, அஸர் தொழுகை, அதற்கும் நான்கு ரக்அத். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கைகளைக் காதுவரை உயர்த்தி, ‘அல்லாஹு அக்பர்’ என்று தொடங்கினார். குரல் பழைய குரல்தான். முதல் ரக்அத் சரியாக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் நின்றவர், நின்றுகொண்டே இருந்தார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தமெல்லாம் தெருவில் அடங்கியும் அவர் குனியவில்லை. மடிப்பக்கா தட்டினாள். முதுகு அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தமாக, தட்டினாள்.

அவர் திரும்பினார். தொழுகையின் நடுவில், கிப்லாவை விட்டு, முழு உடம்பையும் திருப்பி அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. தெரியாத வீட்டுக்கு வந்துவிட்டவனின் கூச்சம்தான் இருந்தது.

“யாரும்மா நீங்க? எதுக்குக் கைதட்டுறீங்க? நான் ஏதாவது தப்பா செஞ்சுட்டேனா?”

*நீங்க* என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட அவளை அவர் நீங்க என்று சொன்னதில்லை.

மடிப்பக்காவின் கை தட்டிய இடத்திலேயே, ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுவிட்டது.

“இல்லங்க” என்றாள். பேசியதும் அவள் தொழுகையும் முறிந்தது. “நீங்க ஒரு தப்பும் செய்யல. நல்லாத்தான் செஞ்சீங்க. போதும். வந்து உட்காருங்க.”

கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். தொப்பியைக் கழற்றி மடித்தாள். அவர் காலுக்குத் தலையணை கொடுத்தாள். அவர் விட்டுவிட்ட பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினாள். அது சாய்ந்து விழுந்தது. மறுபடி சாத்தினாள்.

அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. அவளுக்கு அது கடமை. அவள் மேலிருந்து யாரும் எழுதுகோலை எடுக்கவில்லை. மடிப்பக்கா தன் பாயை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டாள். முதுகு இல்லாத இடத்தில், சுவரைப் பார்த்து, தனியாக நின்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து தனியாகத் தொழாதவள் இல்லை. அவர் வேலையில் இருக்கும்போதும், பள்ளிவாசலுக்குப் போனபோதும் தொழுதிருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் அவர் எங்கேயோ தொழுதுகொண்டிருந்தார். இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் அவர் தொழவில்லை. ஓதியது உதட்டில் ஓடியது, மனம் கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. சஜ்தாவிலிருந்து எழுந்தவளுக்குத் திடீரென்று தெரியவில்லை: முடிந்தது மூன்றாவதா, நான்காவதா?

நின்றாள். காது தானாகப் பின்னால் போனது. அவள் தவறினால் சொல்வதற்கு அவர் இருக்கிறார் என்ற நினைப்பு எலும்பில் ஊறியிருந்தது. ‘சுப்ஹானல்லாஹ்’ என்று ஒரு வார்த்தை. வேறு எதுவும் வேண்டாம். அவள் பெயர்கூட வேண்டாம்.

கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் குறைந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று என்று வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தொழுதாள். கடைசி அமர்வில் ஓத வேண்டியதையெல்லாம் ஓதினாள். பிறகு மறதிக்கான முதல் சஜ்தாவுக்குக் குனிந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாவதற்குக் குனிந்தவளால் எழ முடியவில்லை. நெற்றி தரையிலேயே இருந்தது. பாய் நனைந்தது. அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருக்கிற இடம் சஜ்தாதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த நெருக்கத்தில் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை.

பின்னால் பாதங்கள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. யாரோ மெல்ல, முட்டி சொடுக்க, பக்கத்தில் மண்டியிட்டார்கள்.

“என்னம்மா, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?” என்றார் அவர்.

தொழுகையில் பதில் சொல்லக் கூடாது. அவள் தலையைத் தூக்கி உட்கார்ந்தாள். வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொன்னாள். அலமாரி. இடப்பக்கம் திருப்பினாள்.

கட்டிலுக்கு முன்னால் மாஸ்டர் குனிந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் தரையில். நெற்றியும் மூக்கும் தரையில். தொப்பி இல்லாத வெள்ளை முடி அவள் பாயின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“கவலைப்படாதீங்க. இங்கதான் எங்கேயாவது இருக்கும்” என்றார், நெற்றியைத் தூக்காமலே. “எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க. நானும் தேடுறேன்.”

அவள் அவருக்குப் பக்கத்தில் குனிந்து, தன் நெற்றியையும் தரையில் வைத்தாள்.